ஸ்டேட்டிக் எப்போது ஓடும்? ஜாவா, சி ஷார்ப், சி++

ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு ஜாவா ப்ரோக்ராமின் லாக் (பதிவு) முழுக்க ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’, அதாவது கிளாஸே கிடைக்கவில்லை என்ற புலம்பல். ஜார் ஃபைலை (கிளாஸ்களின் மூட்டை) திறந்தால் அந்த கிளாஸ் பத்திரமாக இருக்கிறது. கிளாஸ்களைத் தேடும் பாதையான கிளாஸ்பாத்தை ஒரு மணி நேரம் நோண்டிய பிறகுதான் லாகில் மேலே ஏறிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை ‘எக்செப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்’. ஸ்டேட்டிக் பிளாக்கில், அதாவது கிளாஸைத் தயார் செய்ய ஒரே ஒரு தடவை ஓடும் கோடில், போர்ட் எண்ணை இன்டீஜராக மாற்றும் வரி வெடித்திருக்கிறது. ப்ராப்பர்ட்டி ஃபைலில் 8080க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ்!

ஜாவாவில் ஒரு கிளாஸை முதன்முதலாகத் தொடும்போதுதான், உதாரணமாக ஆப்ஜெக்ட் உருவாக்கும்போதோ ஸ்டேட்டிக் மெத்தடைக் கூப்பிடும்போதோ, அதன் ஸ்டேட்டிக் பிளாக் ஓடும். அது தோற்றுவிட்டால் மறுமுயற்சி கிடையாது; அடுத்தடுத்த தடவை அந்த ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’தான். பழைய ஜாவாவில் உண்மையான காரணம் முதல் தடவை மட்டுமே தெரியும். எங்களுடையது ஜாவா 8. ஜாவா 17இலிருந்து பிந்தைய எரர்களோடும் பழைய காரணம் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இந்த விஷயத்தில் சி ஷார்ப் முன்பிருந்தே யோக்கியம். எத்தனை தடவை தொட்டாலும் அதே ‘டைப் இனிஷியலைசேஷன் எக்செப்ஷன்’, உள்ளே அசல் காரணத்தோடு. இரண்டு கிளாஸ்களின் ஸ்டேட்டிக்குகள் ஒன்றையொன்று கேட்டு, இரண்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) எதிரெதிராக நுழைந்தால் ஜாவா டெட்லாக்கில், அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்து, உறைந்துவிடும். சி ஷார்ப் உறையாது. ஆனால் பாதி தயாரான மதிப்பைக் கையில் கொடுத்துவிடும். எனக்கு உறைவதே மேல். எல்லா த்ரெட்களின் நிலையையும் காட்டும் த்ரெட் டம்ப் எடுத்தால் எங்கே நிற்கிறது என்றாவது தெரியும்.

சி++ வேறு ஜாதி. குளோபல் ஆப்ஜெக்ட்கள் பெரும்பாலும் மெயினுக்கு முன்பே உருவாகிவிடும். ஒரே சோர்ஸ் ஃபைலுக்குள் மேலிருந்து கீழே என்ற ஒழுங்கு உண்டு. ஃபைலுக்கு ஃபைல் அந்த உத்தரவாதம் இல்லை. ஒரு ஃபைலில் லாக் எழுதும் லாகர், இன்னொன்றில் அதைக் கூப்பிடும் கான்ஃபிக். லிங்க் வரிசை மாறியதும், நேற்றுவரை ஓடியது இன்று மெயினைத் தொடாமலே கிராஷ் ஆகலாம். அந்த நேரத்தில் கிளம்பும் எக்செப்ஷனை மெயினில் ட்ரை போட்டுப் பிடிக்கவும் முடியாது. இதற்கு வழி: ஆப்ஜெக்டை ஃபங்ஷனுக்குள் ஸ்டேட்டிக்காக வைத்தால் முதல் அழைப்பில்தான் உருவாகும். சி++11 முதல் அது த்ரெட்டுக்கும் பாதுகாப்பு. கம்பைல் நேரத்திலேயே தெரிந்த மதிப்பென்றால் சி++20இன் ‘கான்ஸ்டினிட்’ போதும்.

அந்த ஸ்பேஸை அழித்த கையோடு போர்ட் வாசிப்பதை மெயினுக்கு மாற்றிவிட்டேன், ஓரத்து ஸ்பேஸை வெட்டும் ஒரு ட்ரிம்மும் சேர்த்து.