மலைநாட்டுக்காரனுக்கே குளிரை விற்ற டியூனிங் பெட்டி

பைக்குக்கு "பவர் டியூன்" என்று ஒன்லைனில் விற்கிற சின்னக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள். நான் போகவில்லை, 28,500 ரூபா போனது.

என்னுடையது யமஹா எஃப்ஸி வெர்ஷன் 2, 149 சிசி, ஃபியூல் இன்ஜெக்ஷன். தலவாக்கலையில் இருந்து தினமும் நுவரெலியாவுக்கு வேலைக்குப் போகிறேன். லிந்துலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் பின்னால் ஒரு ஆள் இருந்தால் போதும், மூன்றாவது கியரில் அழும், கொழுந்து லொறிகூட முந்திக்கொண்டு போகும் (சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்). வேறு பைக் வாங்கலாம் என்றால், 2020ல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலை, 2025ல் திறந்துவிட்ட பிறகும் நம் கைக்கு எட்டுகிற இடத்துக்கு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. 5 ஹோர்ஸ் பவர் கூடுமாம், மலைநாட்டுக்கென்றே செட் செய்ததாம், பெற்றோலும் மிச்சமாம். கம்பனி கொடுத்ததே 13 ஹோர்ஸ் பவர், அதில் ஒரு பெட்டி 5 கூட்டுமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். முழுக்காசையும் முதலில் பேங்கில் போடச் சொன்னார்கள், போட்டேன். நாலாம் நாள் கூரியரில் வந்தது, தீப்பெட்டி அளவு, கூடவே அரைத்தாள் போட்டோகொப்பி: காற்றின் வெப்பத்தை அளக்கும் வயரை வெட்டி நடுவில் கொடுக்கவும்.

உண்மையைச் சொன்னால் முதல் நாள் நன்றாக ஓடுவது போலத்தான் இருந்தது, காசு கொடுத்தவனுக்கு அப்படித்தான் இருக்கும். அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்தால் நின்று நின்று போனது. சைலன்சரில் கறுப்புப் புகை. லீற்றருக்கு 45 ஓடியது 32க்கு வந்தது. ஒயில் மூடியைத் திறந்தால் பெற்றோல் மணக்கிறது. வட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "200 கிலோமீற்றர் ஓடுங்க அண்ணே, ஈசியூ படிச்சிக்கும்" என்றார்கள் (ஈசியூ என்றால் எவ்வளவு பெற்றோல் அடிப்பது என்று முடிவெடுக்கிற பைக்கின் கம்ப்யூட்டர்). 600 ஓடினேன், அது படித்த மாதிரித் தெரியவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனேன், அதிலும் ஃபெயில்.

கடைசியில் நம்ம கராஜ் பாஸிடம் கொண்டுபோனேன். பிளக்கைக் கழற்றினார், விறகடுப்பில் வைத்த சட்டியின் அடி மாதிரிக் கரி. பெட்டியை ஹெக்ஸோ பிளேடால் அறுத்தார். உள்ளே கெட்டியான கறுப்புப் பசை, அதைச் சுரண்டச் சுரண்ட இரண்டு வயர், நடுவில் அரிசி மணி போல ஒரே ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்துக்குத் தடை போடும் சின்னச் சாமான். வேறு ஒன்றுமே இல்லை. "தம்பி, இது பத்து இருவது ரூபா சாமான்."

விஷயம் இதுதான். காற்றின் வெப்பத்தை அளக்கும் அந்தச் சென்சரில் குளிர் கூடினால் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடும். நடுவில் ரெசிஸ்டரைச் செருகினால் ஈசியூ எந்நேரமும் கடும் குளிர் என்று நினைத்துக்கொள்ளும், குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் பெற்றோலைக் கூட்டி அடிக்கும். ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அங்கே குறைந்த பெற்றோல்தான் வேண்டும். அதைக் குறைக்கிற வேலையைப் பைக்கில் ஏற்கனவே இருக்கிற அழுத்தச் சென்சர் பார்த்துக்கொள்கிறது. பெட்டி அதற்கு நேர் எதிராக வேலை செய்திருக்கிறது. காற்று மெலிந்ததால் போகிற பவரை எந்த ரெசிஸ்டரும் திருப்பித் தராது. நுவரெலியாவில் சும்மா கிடைக்கிற குளிரை நான் 28,500 கொடுத்து வாங்கியிருக்கிறேன், அதுவும் பொய்க் குளிர்.

காசைத் திருப்பிக் கேட்டேன். "நீங்க வயரை வெட்டிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க ஏலாது." வெட்டச் சொன்னதே அவர்களுடைய தாள்தான்! அதைப் படம் எடுத்து அனுப்பினேன், நம்பரை ப்ளொக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன், ரசீதும் அந்தத் தாளும் பத்திரமாக இருக்கின்றன.

பாஸ் வயரை ஒட்டி, பிளக்கும் ஒயிலும் மாற்றி, பின் ஸ்ப்ரொக்கெட்டை (பின் சில்லில் செயின் ஓடுகிற பல்சக்கரம்) ஏற்றத்தில் இழுவை கூட இரண்டு பல் கூடியதாகப் போட்டுத் தந்தார். டொப் ஸ்பீட் கொஞ்சம் குறைந்துவிட்டது, ஆனால் இந்தப் பக்கம் சமதரை எங்கே இருக்கிறது? புகைப் பரிசோதனை பாஸ். ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் வைத்து நானுஓயா ஏறினேன், மூன்றாவது கியரிலேயே ஏறியது.

விளம்பரம் நேற்றும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது விலை 31,000.