சுவீடனும் ஜெர்மனியும்: நலத்திட்டத்தில் தொழிற்சங்கத்தின் இடம்

ஜெர்மனியில் அன்றைய ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் காலத்திலேயே நோய்க் காப்பீடும் (1883) முதுமை ஓய்வூதியமும் (1889) சட்டமாயின. 1927இல் வேலையின்மைக் காப்பீடும் சேர்ந்தது. தொழிலாளியும் முதலாளியும் கட்டாயச் சந்தா செலுத்தும் இம்முறையில், நிர்வாகக் குழுக்களில் சங்கப் பிரதிநிதிகள் அமர்ந்தாலும், உதவி பெறுவதற்காக எவரும் சங்கத்தை நாட வேண்டியதில்லை.

சுவீடனோ 1934இல், பெல்ஜிய நகரின் பெயரால் கெண்ட் முறை எனப்படும் வழியைத் தேர்ந்தது. அரசு மானியம் தர, வேலையிழந்தோருக்கு உதவித்தொகை தரும் வேலையின்மை நிதியங்களைப் பெரும்பாலும் சங்கங்களோடு இணைந்த அமைப்புகளே நடத்துகின்றன. சங்கத்தில் சேராமல் நிதியத்தில் மட்டும் சேர இடமுண்டு என்றாலும், இரண்டையும் ஒன்றாகவே கருதிச் சேர்ந்தோர் ஏராளம். இன்றும் அங்கு ஊழியரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சங்க உறுப்பினர்கள். ஜெர்மனியில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் இந்தப் பிணைப்பே பலவீனமும் ஆகும்: 2007இல் அரசு நிதியக் கட்டணங்களை உயர்த்தியதும் உறுப்பினர்கள் பெருந்திரளாக விலகினர்.

ஊதியத்திலும் இவ்வேறுபாடு தெரிகிறது. சுவீடனில் சட்டப்பூர்வக் குறைந்தபட்ச ஊதியமே இல்லை. சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்களே அதை முடிவு செய்கின்றன. பேரம் பேசும் வலிமை தளர்ந்த ஜெர்மன் சங்கங்கள் அரசிடம் சட்டம் கேட்டன; 2015இல் மணிக்கு 8.50 யூரோ நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியின் குரல் நேரடியாக ஒலிப்பதால், சுவீடன் வழியே மேலானது என்று கருதுகிறேன்.