பே, செஸ்ட்நட், கிரே: குதிரைப்படைக்கு எந்த நிறம்?

போர் விளையாட்டுக்கான மினியேச்சர் உருவங்களில், நெப்போலியன் காலத்து ஹுஸார்கள் (இலகு குதிரைப்படை வீரர்கள்) 12 பேரை, 28 மி.மீ. அளவில், போன மாதம்தான் பெயிண்ட் அடித்து முடித்தேன். சீருடையில் குழப்பமில்லை, எந்த ரெஜிமென்ட்டுக்கு (படைப்பிரிவுக்கு) என்ன நிறம் என்று தேடினால் கிடைத்துவிடும். மாட்டிக்கொண்டது குதிரையில்தான். கடைசியில் எட்டு பே, மூன்று செஸ்ட்நட், ஒரு கிரே. மறுபடி செய்தால் பே இன்னும் கூடும்.

பே என்றால் உடல் பழுப்பு. பிடரி, வால், காது நுனி, காலின் கீழ்ப்பகுதி எல்லாம் கறுப்பு. செஸ்ட்நட்டில் உடல் செந்நிறம்; பிடரியும் வாலும் உடல் நிறத்திலோ அதைவிட வெளிராகவோ இருக்கும், கறுப்பாக இருக்காது. செந்நிற உடலுக்குக் கறுப்பு வால் வைத்துவிட்டீர்களா? கவலை வேண்டாம், காலையும் பிடரியையும் கறுப்பாக்குங்கள், பே ஆகிவிடும்.

முழுக் கறுப்புக் குதிரை, நெப்போலியனின் காவல்படையில் இருந்த கனரகக் குதிரைப்படையான குதிரை கிரனேடியர்களுக்குப் பொருந்தும். மற்றபடி அதில் மடிப்பும் தசையும் எடுபடாது. வெயிலில் நிற்கும் நிஜக் கறுப்புக் குதிரை செம்பழுப்பாக வெளிறும் என்பதால், ஹைலைட்டுக்கு (ஒளி படும் மேடுகளுக்கு) அடர் பழுப்பு போதும்.

கிரே பார்க்க அழகு, செய்ய வேலை. அது வெள்ளைக் குதிரை இல்லை. பிறக்கும்போது அடர் நிறமாக இருந்து, வயதாக ஆக வெளுக்கிறது. தோல் மட்டும் கறுப்பாகவே இருக்கும். அதனால் மூக்கைச் சுற்றியும் கண்ணோரத்திலும் அடர் சாம்பல் தெரிய வேண்டும். அதை விட்டால் பொம்மைதான். என் ஒற்றைக் கிரே மூன்று பே குதிரைகளின் நேரத்தைத் தின்றது. உடலில் வட்டப் புள்ளிகளையும் அதில்தான் முதன்முதலாக வைத்துப் பார்த்தேன்; கை நீட்டும் தூரத்தில் தேறுகிறது, ஒரே குதிரையை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. 1815 வாட்டர்லூ போரின் ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படையைச் செய்தால் தப்பிக்க வழியில்லை, குதிரைகள் எல்லாம் கிரே. பல ரெஜிமென்ட்டுகளில் எக்காளம் ஊதுபவர்தான் கிரேயில் வருவார், அங்கே ஒன்று போதும்.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. விளையாடும்போது அடித்தட்டைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அப்படித் தூக்குவதில்லை. பெட்டியில் அடுக்கினால் வால் பக்கத்துக் குதிரையில் இடிக்கும், கால் உரசும். பெயிண்ட் முதலில் உரிவது வால், கால், காது நுனியில். பே குதிரையில் அந்த இடங்கள் எல்லாமே கறுப்பு! ஒரே டப்பாவிலிருந்து ஒரு தொடுகை, வேலை முடிந்தது. செஸ்ட்நட்டில் உடலின் அதே நிறத்தை மறுபடி கலக்க வேண்டும், என் கலவை ஒருமுறைகூடச் சரியாக அமையவில்லை. கிரேயில் நாலைந்து அடுக்கு ஏற்றிய இடத்தில் ஒட்டுப்போட்டால் ஒட்டு தனியாகத் தெரிகிறது.

பின்னாளில் ஆறு குதிரை சேர்த்தாலும் இதே கதை. பே உடல் மஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை போகும். புதிய பழுப்பு பழையதோடு ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கறுப்புக் கால்கள் எல்லாவற்றையும் ஒரே படையாகக் காட்டிவிடும்.

நான் செய்த விதம்: ஆரஞ்சு கலந்த பழுப்பு அக்ரிலிக், அது காய்ந்ததும் மேலே பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) ஆயில் பெயிண்ட், கொஞ்ச நேரம் கழித்து ஸ்பாஞ்சால் துடைப்பது. மேடான தசையில் அடிநிறம் தெரியும், பள்ளத்தில் அடர்த்தி தங்கும். ஒவ்வொரு குதிரையையும் வேறு அளவில் துடைத்தால் எட்டும் எட்டு மாதிரி. ஆயில் முழுதாகக் காயச் சில நாள் பிடிக்கும். அவசரப்பட்டு வார்னிஷ் அடித்து ஒன்றைக் கெடுத்தேன்.

அப்புறம் வெள்ளைக் குறிகள். நெற்றிப்பொட்டு, ஒன்றிரண்டு வெள்ளைக் கால் போதும். வெள்ளைக் காலின் குளம்பு பெரும்பாலும் வெளிராக இருக்கும், மூக்கு நுனிவரை வெள்ளை இறங்கினால் அங்கே தோல் இளஞ்சிவப்பு. ஆர்வக் கோளாறில் ஒன்றுக்கு நான்கு காலும் வெள்ளையாக்கிவிட்டேன். அதில்தான் இப்போது முதல் உரிசல் விழுந்திருக்கிறது.