ரயில் அருங்காட்சியகம்: பிள்ளைகளோடு போக டெல்லியா, மைசூரா, சென்னையா?

பெரியதுதான் வேண்டும் என்றால் டெல்லிக்குப் போட்டியே கிடையாது. சாணக்கியபுரியில் 1977-இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகம் பத்து ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. அங்கே நிற்கும் கார்ரட் வகை இன்ஜினை மட்டும் சுற்றிப் பார்க்கவே நேரம் பிடிக்கும். நடுவில் ஒரு பாய்லர், முன்னும் பின்னும் சக்கரத் தொகுதிகள். அவ்வளவு நீள இன்ஜின் வளைவில் திரும்பியது அதனால்தான்.

ஆனால் டெல்லிக்குப் போவதற்கான உண்மையான காரணம், பஞ்சாபின் பட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய மோனோ ரயில். சாலை ஓரமாக ஒரே ஒரு தண்டவாளம். எடையில் பெரும்பங்கு அதன் மேல் உருளும் சின்னச் சக்கரங்களில் உட்காரும். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம், அது தரையில் ஓடும். 1907-இல் தொடங்கிய இந்தப் பாதையில் கோவேறு கழுதைகளும் மாடுகளும்கூடப் பெட்டிகளை இழுத்திருக்கின்றன. பெர்லினில் செய்த அதன் நீராவி இன்ஜினை இன்னும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். நினைத்த நாளில் ஓட்டமாட்டார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். எட்டு, பத்து வயதுப் பிள்ளை இதன் முன்னால் நின்றால் 'இது எப்படி விழாமல் போகுது?' என்று கேட்காமல் நகராது.

அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் டெல்லி அதிகம். பாதி தூரத்திலேயே 'தூக்கு' என்று கை நீட்டிவிடும். அந்த வயதுக்கு மைசூர்தான் என் தேர்வு. ரயில்வே ஸ்டேஷனை ஒட்டியே இருப்பதால் இறங்கியதும் போய்விடலாம். 1979-இல் தொடங்கிய இந்த இடம் சிறியது, அதுதான் அதன் பலம். மகாராணியின் சலூன் பெட்டி, அதாவது அவருக்கான தனி ரயில் பெட்டி, 1899-ஐச் சேர்ந்தது. சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் தனி இடம் வைத்துக் கட்டியது. அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நன்றாகப் புரியும். ஆஸ்டின் காருக்கு ரயில் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் ஓட்டிய வண்டியும் இங்கே உண்டு. என்னைக் கேட்டால், பிள்ளைகளை முதலில் அதனிடம் கூட்டிப்போங்கள்.

சென்னை அருங்காட்சியகம், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் 2002-இல் திறந்தது. அரிய இன்ஜின்களில் டெல்லிக்கு ஈடாகாது, உண்மை. ஆனால் 1955 முதல் பெட்டி தயாரித்துவரும் தொழிற்சாலையின் அருங்காட்சியகம் இது. நாம் தினம் ஏறி இறங்கும் பெட்டி எப்படி உருவாகிறது என்பதில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு மாதிரிகளும் படங்களும் நிறையவே இருக்கின்றன. அப்புறம், தாத்தா பாட்டியைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் (அகலம் குறைந்த பாதை) மின்சார ரயில் 2004 வரை ஓடியது. அதில் வேலைக்குப் போய் வந்தவர்களை விட நல்ல வழிகாட்டி அங்கே கிடைக்கமாட்டார். மீட்டர்கேஜ் 1000 மில்லிமீட்டர், இன்றைய அகலப்பாதை 1676. தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பிள்ளைகளையே காலடி வைத்து அளக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் உடனே பிடிபடும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்ஜின்கள் பெரும்பாலும் வெளியில்தான் நிற்கின்றன, மதியம் இரும்பில் கை வைக்க முடியாது. டெல்லிக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரி. சென்னைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை.