பழைய காரின் ரேடியேட்டர் ஃபேன் கோளாறும் டிசி கிளாம்ப் மீட்டரும்: ஒரு மதிப்பீடு

ஓடும்போது சீராக இருக்கும் வெப்ப முள், நெரிசலில் நின்ற சிறிது நேரத்தில் மேலேறத் தொடங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேடியேட்டர் ஃபேனைத்தான். ஃபேன் சுற்றவில்லை என்று தெரிந்ததுமே மோட்டாரை மாற்றிவிடுவது பரவலான வழக்கம். ஃபியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்), சூடேறியதும் ஃபேனை இயக்கும் வெப்ப சுவிட்ச், கனெக்டர், எர்த் ஒயர் என்று நீளும் அந்த மின்சுற்றில் எந்த இடத்திலும் பழுது இருக்கலாம் என்பதால், அளந்து பார்க்காமல் மோட்டாரை மாற்றுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அப்படி அளப்பதற்கு நான் பயன்படுத்திவரும் கருவி, ஒயரைத் தன் தாடையால் கவ்வி நேர்திசை (டிசி) மின்னோட்டத்தையும் அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர்.

சாதாரண மல்டிமீட்டரில் ஆம்பியர் பார்க்க ஒயரைப் பிரித்து மீட்டரை இடையில் இணைக்க வேண்டும். பெரும்பாலான மீட்டர்களின் எல்லையும் 10 ஆம்பியர்தான். ஃபேன் மோட்டாரோ பல கார்களில் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். மல்டிமீட்டரின் உள் ஃபியூஸ் எரிந்துபோவதே மிச்சம். கிளாம்ப் மீட்டர், ஒயரைச் சுற்றி உருவாகும் காந்தப்புலத்தை ஹால் சென்சாரால் உணர்ந்து ஆம்பியரைச் சொல்வதால், எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

அதே மீட்டரின் முனைகளால் மின்னழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் பழுது எங்கே என்பது விரைவில் பிடிபடும். மோட்டார் கனெக்டரில் முழு வோல்ட் இருந்தும் ஆம்பியர் பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டாரை லேசாகத் தட்டியதும் ஃபேன் சுற்றத் தொடங்குவது இதற்கு இன்னொரு அடையாளம். ஆம்பியர் மிகுதியாக இருந்தும் ஃபேன் மந்தமாகச் சுற்றினால் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் இறுகியிருக்கலாம், ஃபியூஸ் அடிக்கடி போவதும் இதனால் இருக்கலாம்.

வோல்ட்டும் ஆம்பியரும் சேர்ந்தே குறைந்திருப்பதுதான் பழைய கார்களில் அதிகம் ஏமாற்றும் நிலை. ஃபேன் சுற்றும்போது பேட்டரியின் நேர்முனைக்கும் மோட்டாரின் நேர்முனைக்கும் இடையிலும், அவ்வாறே எதிர்முனைகளுக்கு இடையிலும் அளக்க வேண்டும். ஏதேனும் ஒரு பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் துருவோ கருகிய கனெக்டரோ இருக்கிறது என்று பொருள். மின்னோட்டம் இல்லாதபோது தடையில் வோல்ட் இழப்பு ஏற்படுவதில்லை. ஆகவே, கனெக்டரைக் கழற்றி வைத்து அளந்தால் இதே பழுதான ஒயர் 12 வோல்ட்டை முழுமையாகக் காட்டும். என் காரில் எர்த் ஒயர் பாடியில் முடுக்கப்பட்ட இடம் துருப்பிடித்திருந்தது. சுரண்டி மீண்டும் முடுக்கியதும் ஃபேன் பழைய வேகத்துக்கு வந்தது, மோட்டார் மாற்றப்படவே இல்லை.

ஃபேனுக்கு மின்சாரமே வரவில்லை என்றால் இந்தக் கருவியால் பெரிய உதவி கிடையாது. இரண்டு ஒயர் கொண்ட வெப்ப சுவிட்ச் உள்ள கார்களில், சுவிட்சின் கனெக்டரை மட்டும் கழற்றி அந்த இரு ஒயர்களையும் இணைத்துப் பார்ப்பதே எளிய சோதனை. ஃபேன் ஓடினால் சுவிட்சையும் கூலன்ட் அளவையும் கவனிக்க வேண்டும். ஓடாவிட்டால் ரிலேவின் பக்கம் போக வேண்டும். பல கார்களில் இன்ஜின் அணைந்திருக்கும்போதும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும் என்பதால், கையையும் மீட்டரின் ஒயர்களையும் இறக்கைகளிலிருந்து விலக்கியே வைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்பும் பூஜ்யப் பொத்தானை அழுத்தாவிட்டால், எஞ்சிய காந்தத்தன்மையால் அளவு சற்று விலகுகிறது. நேர், எதிர் ஒயர்கள் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்டும். ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கவ்வ வேண்டும், ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள குறுகிய இடத்தில் பருத்த தாடை கொண்ட மீட்டருக்கு அது கடினம்.

வாங்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று: மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பலவும் வீட்டு மின்சாரத்தின் மாறுதிசை மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும், டிசி வோல்ட் காட்டினாலும் டிசி ஆம்பியர் காட்டாது. தேர்வுச் சக்கரத்தில் ஆம்பியர் எழுத்தருகே நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருக்கிறதா என்று பார்த்து, மெலிந்த தாடையும் தொடக்க மின்னோட்டத்தைப் பிடித்துக் காட்டும் வசதியும் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.