லிம்போமா ஒற்றைச் செல் ஆய்வு: டிராப்லெட்டா, பிளேட்டா, ஸ்பேஷியலா?

லிம்போமா (நிணநீர்ப் புற்று) மாதிரியில் ஒற்றைச் செல் ஆர்என்ஏ சீக்வென்சிங், அதாவது ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்று தனித்தனியாகப் படிக்கும் வேலை, செய்யப் போகிறோம் என்றதுமே எல்லோரும் கேட்பது "எத்தனை செல்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: எந்த வகை லிம்போமா, மாதிரி எந்த நிலையில் கையில் இருக்கிறது? உயிரோடு இருக்கும் செல்களா, உறைய வைத்த திசுவா, ஃபார்மலினில் போட்டு மெழுகுக் கட்டியாக்கியதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

முதலில், ஒற்றைச் செல் தேவையே இல்லாத இடமும் உண்டு. டிஎல்பிசிஎல் எனப்படும் பெரும் பி செல் லிம்போமாவை ஜிசிபி, ஏபிசி என்று மரபணுச் செயல்பாட்டை வைத்து இரண்டாகப் பிரித்தது 2000-இல் வந்த அலிசாதே குழுவின் ஆய்வு. அது திசுவை மொத்தமாக அரைத்து மைக்ரோஅரேயில் பார்த்ததுதான். நோயாளி எந்தப் பிரிவில் வருகிறார் என்பது மட்டும் கேள்வி என்றால் மொத்த ஆர்என்ஏ இன்றைக்கும் போதும். ஆனால் பி செல் புற்றான ஃபாலிக்குலர் லிம்போமா போல, புற்றல்லாத டி செல்கள் (இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்கள்) நிறையக் கலந்து கிடக்கும் கட்டியில் ஒரு டி செல் மரபணு கூடியிருந்தால், டி செல்களே பெருகிவிட்டனவா, இல்லை இருக்கிறவை ஒவ்வொன்றும் அதிகம் உற்பத்தி செய்கின்றனவா என்று மொத்தக் கணக்கை வைத்துச் சொல்வது கடினம்.

சரி, டிராப்லெட் (துளி) முறைக்கு வருவோம். 2015-இல் டிராப்-சீக், இன்டிராப் இரண்டும் வந்தன. அப்புறம் டென்எக்ஸ் நிறுவனத்தின் குரோமியம் வந்து ஆய்வகங்களை நிறைத்துவிட்டது. எண்ணெயில் மிதக்கும் ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு செல், பார்கோடு ஒட்டிய ஒரு மணி. அந்தச் செல்லின் எம்ஆர்என்ஏ எல்லாம் அந்த பார்கோடைச் சுமந்துகொண்டு வெளியே வரும். ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான செல்கள். நிணநீர்க் கணுவின் செல்கள் மற்றத் திடக்கட்டிகளைப் போல முரண்டு பிடிக்காமல் சுலபமாகப் பிரிவதால் லிம்போமாவுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

தொல்லைகளும் உண்டு. செல்களை அதிகம் ஏற்ற ஏற்ற ஒரே துளியில் இரண்டு மாட்டிக்கொள்வது கூடும். முந்தைய தலைமுறைக் குரோமியம் கிட்டில் ஆயிரம் செல்லுக்குச் சுமார் 0.8 சதவீதம், அதாவது பத்தாயிரம் செல் எடுத்தால் 8 சதவீதம் வரை. டி செல்லின் அடையாளமான சிடி3-யும் பி செல்லின் அடையாளமான சிடி20-யும் ஒன்றாகக் காட்டும் ஒரு சின்னக் கூட்டம் படத்தில் தெரிந்தால் புது வகைச் செல்லைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டாம். ஒட்டிக்கொண்ட ஒரு டி செல்லும் ஒரு பி செல்லுமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொன்று, உடைந்த செல்களிலிருந்து கசியும் ஆர்என்ஏ. பிளாஸ்மா செல்கள் இம்யூனோகுளோபுலின் எம்ஆர்என்ஏவைக் கொட்டி வைத்திருப்பவை. அவை உடைந்தால் டி செல்லில் கூட ஐஜிகேசி என்ற இம்யூனோகுளோபுலின் மரபணு தெரியும். சுற்றுப்புற ஆர்என்ஏவைக் கழிக்கும் மென்பொருளை ஓட்டாமல் லிம்போமா தரவைத் தொடவே கூடாது என்பேன்.

டிராப்லெட்டுக்குள்ளேயே இருக்கும் பெரிய முடிவு, எம்ஆர்என்ஏவின் எந்த முனையைப் படிப்பது, 3' முனைக் கிட்டா, 5' முனைக் கிட்டா என்பது. பலர் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள், எனக்கோ இதுதான் முழுத் திட்டத்தின் அச்சாணி. பி செல் ஏற்பியில் குளோனுக்குக் குளோன் (ஒரே மூதாதைச் செல்லின் வழிவந்த கூட்டம்) மாறும் பகுதி எம்ஆர்என்ஏவின் 5' பக்கம் இருக்கிறது. 3' கிட்டில் அந்தச் செல்லின் ஏற்பியில் இருப்பது கப்பா சங்கிலியா லாம்டா சங்கிலியா என்பது வரை தெரியும். புற்றுக் கூட்டம் ஏதாவது ஒன்றை மட்டும்தான் காட்டும் என்பதால் அதுவே கொஞ்சம் உதவும். ஆனால் எந்தக் குளோன் என்பது தெரியாது. 5' கிட்டோடு விடிஜே எனப்படும் அந்த மாறும் பகுதியின் வரிசையும் படித்தால் ஒரே ஏற்பி கொண்ட செல்கள் எவை, பக்கத்தில் இருக்கும் சாதாரண பி செல்கள் எவை என்று ஊகமில்லாமல் பிரித்துவிடலாம். ஃபாலிக்குலரில் இன்னும் சுவாரஸ்யம்: அங்கே ஏற்பி மரபணுவில் பிறழ்வுகள் தொடர்ந்து சேர்ந்துகொண்டே இருப்பதால் குளோனுக்குள்ளேயே வம்சாவளி வரையலாம், எந்தக் கிளையில் எந்த மரபணு ஓங்குகிறது என்று அதே செல்லில் பார்க்கலாம். இந்த வசதியை விட்டுவிட்டு 3' எடுக்கிறவர்களை எனக்குப் புரிவதில்லை. டி செல் லிம்போமாவுக்கும் இதே கதைதான், அங்கே டி செல் ஏற்பி. ஒரு குறை, பிறழ்வு மிகுந்துபோன ஏற்பிகளில் சிலவற்றை பிரைமர் பிடிக்காமல் விட்டுவிடலாம்.

பிளேட் முறை வேறு ரகம். ஸ்மார்ட்-சீக் 2 வந்தது 2013, மூலக்கூறு எண்ணும் வசதியோடு ஸ்மார்ட்-சீக் 3 வந்தது 2020. ஒரு குழிக்கு ஒரு செல், அதனால் நூற்றுக்கணக்கில்தான் போக முடியும், வேலையும் அதிகம். ஆனால் எம்ஆர்என்ஏவை முழு நீளத்துக்கும் படிக்கிறது. எம்ஒய்டி88 மரபணுவின் எல்265பி பிறழ்வு இந்தச் செல்லில் இருக்கிறதா, என்பிஎம்1, ஏஎல்கே மரபணுக்களின் இணைவு தெரிகிறதா போன்ற கேள்விகளுக்கு முனையை மட்டும் படிக்கும் கிட் பெரும்பாலும் கைவிரித்துவிடும். இங்கே நம்பிக்கை உண்டு, அந்த மரபணு போதிய அளவு செயல்பட்டால்.

ஹாட்ஜ்கின் லிம்போமாவில் கணக்கே மாறுகிறது. புற்றுச் செல்லான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் கட்டியில் சுமார் 1 சதவீதம்தான். பெரியது, பல உட்கருக்கள் கொண்டது, சுற்றிலும் டி செல்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிரித்தெடுக்கும்போதே சிதைந்துவிடும். டிராப்லெட்டில் போட்டால் பெரும்பாலும் அது காணாமல் போய், சுற்றியிருந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அது வீணும் இல்லை: லேக்3 என்ற புரதத்தைக் காட்டும் டி செல்களை முன்னுக்குக் கொண்டுவந்த 2020 ஆய்வு அந்தச் சுற்றுப்புறத்தைப் படித்துக் கிடைத்ததுதான். புற்றுச் செல்லே வேண்டும் என்றால் செல்களை வகை பிரிக்கும் சார்ட்டர் கருவியில் பிரித்து பிளேட்டுக்குப் போக வேண்டும், அல்லது திசுவைக் கலைக்காமலே பார்க்க வேண்டும்.

கலைக்காமல் பார்ப்பது ஸ்பேஷியல். இங்கே விளம்பரத்தை நம்பி ஏமாற வேண்டாம். பழைய விசியம் (டென்எக்ஸின் ஸ்பேஷியல் முறை) ஸ்லைடில் ஒரு புள்ளியின் விட்டம் 55 மைக்ரான், ஒரு லிம்போசைட் 7 முதல் 10 மைக்ரான். நெருக்கமான கணுவில் ஒரு புள்ளிக்குள் பத்து இருபது செல்கள் அடங்கிவிடும், அதை ஒற்றைச் செல் என்று சொல்வது நியாயமில்லை. சீனியம், காஸ்எம்எக்ஸ் போன்ற கருவிகள் தனிச் செல் அளவில் பார்க்கின்றன, மெழுகுக் கட்டியிலும் ஓடும். ஆனால் முன்கூட்டியே தேர்ந்த மரபணுப் பட்டியலைத்தான் பார்க்கும். அதோடு செல்கள் இடித்துக்கொண்டு நிற்கும் திசுவில் எல்லைக்கோடு போடுவது பெரும்பாடு, ஒரு செல்லின் ஆர்என்ஏ பக்கத்துச் செல் கணக்கில் ஏறிவிடும்.

திசுவைக் கலைப்பதற்கும் ஒரு விலை உண்டு. பிரிக்கும்போது செல்கள் மிரண்டு எஃப்ஓஎஸ், ஜேயுஎன் மரபணுக்களை உயர்த்தும். அனாபிளாஸ்டிக் பெருஞ்செல் லிம்போமாவிலோ ஜேயுஎன்பி உயர்வு நோயின் சொந்தக் குணம். ஆகவே வழக்கம்போல "இது செல் மிரண்டதால் உயர்ந்த மரபணு" என்று அந்தக் குடும்பத்தையே மொத்தமாக நீக்கினால் நோயையே நீக்கியதாகிவிடும்.

உறைந்த திசு மட்டும்தான் என்றால் உட்கரு வழி, அதாவது முழுச் செல்லுக்குப் பதில் உட்கருவை மட்டும் எடுத்துப் படிப்பது. ஏற்பி வரிசை சரியாக வராது, மேற்பரப்புப் புரதம் அறவே கிடைக்காது. உயிருள்ள செல்கள் இருந்தால், ஆன்டிபாடி கொண்டு மேற்பரப்புப் புரதத்தையும் அளக்கும் சைட்-சீக்கையும் சேர்த்துவிடுங்கள். சிடி4-இன் எம்ஆர்என்ஏ அவ்வளவு குறைவு, உண்மையான சிடி4 செல்களில் பாதி சுழியம் காட்டுவது சகஜம். ஆன்டிபாடி அதைச் சரிசெய்துவிடும்.

மூன்று நோயாளிகளிடமிருந்து நாற்பதாயிரம் செல் எடுத்தாலும் புள்ளியியலுக்கு அது மூன்றுதான். லிம்போமாவில் இது படத்திலேயே தெரியும்: டி செல்கள் எல்லா நோயாளிகளிடமிருந்தும் வந்து ஒன்றாகக் கலக்கும், புற்று பி செல்கள் ஆளுக்கொரு தீவாகத் தனியே நிற்கும். அதைப் பார்த்துப் பதறி, ஒருங்கிணைப்பு மென்பொருளால் தீவுகளை ஒன்றாக்காதீர்கள். பெரும்பாலும் அது ஆய்வகப் பிழையல்ல, அவரவர் கட்டியின் பிறழ்வுகள். திருத்தத்தை டி செல்களோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தில், எந்தச் செல் யாருடையது என்று குறிக்கும் ஹேஷ்டேக் ஆன்டிபாடி போட்டு நான்கைந்து நோயாளிகளை ஒரே ஓட்டத்தில் ஏற்றுங்கள்.