நிலக்கரிச் சுரங்கப் பங்கு விற்க வருகிறார்கள், கவனம்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். "இந்தோனேசியாவில் நிலக்கரிச் சுரங்கம், பங்கு ஒன்று 40 ரூபாய், மாதம் 8 வீதம் லாபம்" என்று ஒரு கூட்டம் வீடு வீடாக வருகிறது. எங்கள் வீட்டில் 10 இலட்சம் போய்விட்டது. வீட்டுக் கூரையை மாற்றச் சொல்லி கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பிய காசு அது.

எங்களிடம் வந்தவர் ஊருக்குத் தெரிந்த மனிதர். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். பொலிஸில் முறைப்பாடு இருப்பதால் பெயர் போடவில்லை. கல்லடியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஆளுக்கொரு ரோல்ஸ், பால் தேநீர், திரையில் கறுப்பு மலையும் மஞ்சள் லொறிகளும்.

"இதில யோசிக்க ஒண்டுமில்ல புள்ள. கரண்ட் இரிக்கிற வரைக்கும் கரியும் இரிக்கும். நுரைச்சோலைக்கு எல்லாம் கப்பல்லதானே வருகுது?" என்றார் சேர்.

அதில் பொய் இல்லை. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் 900 மெகாவாட்டும் இறக்குமதிக் கரியில்தான் ஓடுகிறது. நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கமே கிடையாது. இந்தோனேசியா உலகத்துக்கே கரி விற்கும் நாடு என்பதும் சரி. இவர்களுடைய கெட்டித்தனமே இங்கேதான் இருக்கிறது, சொல்வதில் முக்கால்வாசி உண்மை. அப்புறம்தான் மூதூர்ப் பக்கம் இருக்கும் சம்பூரை இழுத்தார். அங்கே அனல் மின்நிலையம் வந்தால் இந்தக் கம்பனிதான் கரி கொடுக்கப் போகிறதாம். அந்த அனல் மின் திட்டம் 2016இலேயே கைவிடப்பட்டுவிட்டது. மண்டபத்தில் மூதூர்ப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு எப்படித் திறப்பது.

காசு கொடுத்ததும் ஒரு சான்றிதழ் தந்தார்கள். கலியாணக் கார்ட் போலத் தடித்த தாள், ஓரமெல்லாம் பொன் நிறப் பூவேலை, நடுவில் "10,000 பங்குகள்", கீழே நீல மையில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் மை ஒட்டவில்லை, அதுவும் அச்சு. மூலையில் இருந்த வட்ட முத்திரையைப் பாருங்கள், யாரிடமாவது இதே தாள் இருந்தால். அதில் "பிரைவேட் லிமிட்டட்" என்று இருக்கிறது. இலங்கைச் சட்டப்படி தனியார் கம்பனி ஒன்று பொதுமக்களிடம் பங்கு விற்கவே முடியாது. பங்குதாரர்களும் 50 பேருக்கு மேல் போகக்கூடாது என்று 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம் சொல்கிறது. அன்றைக்கு மண்டபத்தில் கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். பதிவுச் சான்றிதழ் காட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். பெட்டிக்கடைக்கும் பதிவு எடுக்கலாம். கம்பனி பதிவாகியிருக்கிறது என்பதும் ஊராரிடம் முதலீடு திரட்ட அனுமதி இருக்கிறது என்பதும் வேறு வேறு.

முதலில் கொடுத்தது 4 இலட்சம். அடுத்த மாதமே 32,000 ரூபாயைக் கடித உறையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள். அதைப் பார்த்துத்தான் மாமியும் மச்சானும் "மிச்சத்தையும் போடுவம்" என்றார்கள். புது ஆள் ஒருவரைச் சேர்த்துவிட்டால் கொமிஷன் வேறு. மேலே இருப்பவனுக்குக் கீழே வருபவனின் காசு, அவ்வளவுதான். இது பிரமிட் திட்டம். வங்கித் தொழில் சட்டத்தின்படி இதை நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் குற்றம். ஆகவே கொமிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்களும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு உறை வருவது நின்றது. வட்ஸ்அப்பில் ஒரு ஆப் அனுப்பினார்கள். அதில் எங்கள் காசு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. எடுக்க வேண்டுமென்றால் 15 வீத வரியை முதலில் கட்ட வேண்டுமாம். பங்கிலாபத்துக்கு 15 வீத வரி உண்டுதான். ஆனால் கம்பனி அதைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பும், உங்களிடம் வந்து முன்காசு கேட்காது. நாங்கள் கட்டவில்லை. அதோடு சேரின் போனும் வேலை செய்யவில்லை.

நிலக்கரிப் பங்கே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தியாவின் கோல் இந்தியா 2010இல் பங்கு ஒன்றை 245 இந்திய ரூபாய்க்கு விற்றது. அரசாங்கத்தின் பெரிய கம்பனி, சுரங்கமும் நிஜம், பங்கிலாபமும் கொடுக்கிறது. அதுவே 2020இல் பாதி விலைக்கும் கீழே விழுந்தது, பிறகு எழும்பியது. கரியின் விலையும் அப்படித்தான். உக்ரைன் யுத்தத்தோடு 2022இல் அவுஸ்திரேலியக் கரி தொன் ஒன்று 400 டொலரைத் தாண்டியது, அடுத்த வருடமே 150க்குக் கீழே வந்துவிட்டது. 2022 ஜனவரியில் இந்தோனேசியா ஏற்றுமதியையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. இப்படி ஆடுகிற தொழிலில் மாதம் தவறாமல் 8 வீதம் எந்தச் சுரங்கத்தில் கிடைக்கும்?

உங்கள் பெயரில் பங்கு இருந்தால் அது விற்றவரின் தாளிலும் ஆப்பிலும் மட்டும் இருக்காது. கொழும்புப் பங்குச்சந்தையில் வாங்கினால் சீடிஎஸ் என்ற மத்திய வைப்பகத்தில் உங்கள் பெயரில் கணக்கு இருக்கும், என்ன பங்கு எத்தனை என்று நீங்களே பார்க்கலாம். காசும் உரிமம் பெற்ற தரகு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். உரிமம் உள்ளவர்களின் பட்டியலைப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு வெளியிடுகிறது. வெளிநாட்டுப் பங்கு என்றால் அதற்கும் வங்கியில் தனிக் கணக்குத் திறந்து அதன் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எங்களுடைய காசு போனதோ ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கு.

இப்போது அதே ஆட்கள் சம்மாந்துறைப் பக்கம் காரீயச் சுரங்கம் (பென்சிலுக்குள் வைக்கிற காரீயம்) என்று பேசித் திரிவதாகக் கேள்வி. காரீயம் போகலையிலும் கஹட்டகஹவிலும் உண்மையாகவே எடுக்கிறார்கள், அதனால் இந்தக் கதை கரியை விட நன்றாக எடுபடும்.

ஏற்கெனவே கொடுத்தவர்கள் வட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். வங்கியில் போட்ட சீட்டு, அந்தச் சான்றிதழ், ஆப்பின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள். கையில் காசாகக் கொடுத்தவர்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். எங்கள் முறைப்பாட்டில் பொலிஸ் முதலில் கேட்டதே அதைத்தான்.